இல்லம் கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி: பிள்ளைகள் ஏன் அங்கே போகிறார்கள்?

வேப்பமரத்தடி (ஏழாலை, யாழ்ப்பாணம்) | ஞாயிறு இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். ரொறன்ரோவில் இருக்கும் என் பெரியம்மாவின் மகன், எங்கள் பெரியண்ணா, போன மாதம் தொலைபேசியில் ஒரு விடயம் சொன்னார். வருகிற ஆவணியோடு பெரியம்மா இறந்து ஓராண்டு. அவர் நினைவாக, ஊரில் அவருக்கு இருக்கும் 8 பரப்புக் காணியில் ஒரு சிறுவர் இல்லம் கட்டப்போகிறாராம். 30 பிள்ளைகள், இரண்டு மாடி, வாசலில் பெரியம்மாவின் பெயர் பொறித்த வளைவு. மேற்பார்வை நான். வரைபடம்கூட வட்ஸ்அப்பில் வந்துவிட்டது.

சரி அண்ணா என்று அப்போதே சொல்லியிருப்பேன். எங்கள் ஒழுங்கையில் நடந்த ஒன்று வாயை அடைத்துவிட்டது. நாலு வீடு தள்ளி இருந்த 11 வயதுப் பெண்பிள்ளையும் அவளுடைய 7 வயதுத் தம்பியும் இரண்டு மாதத்துக்கு முன் இல்லத்துக்குப் போனார்கள். அவள் ஓரிடம், அவன் வேறோரிடம். தாய் குவைத்தில் வீட்டுவேலை. தகப்பன் மேசன், ஒரு காலத்தில் நல்ல வேலைக்காரன், இப்போது ஐஸ் என்ற போதைப்பொருள் பாவிக்கிறான் என்று ஊர் சொல்கிறது. அம்மம்மா இருக்கிறார், 68 வயது. பிள்ளைகளை வாகனத்தில் ஏற்றியபோது படலையைப் பிடித்தபடி நின்றார். இன்றும் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு அதே படலையில் வந்து நிற்கிறார்.

தாய், தகப்பன், அம்மம்மா மூவரும் உயிரோடு இருக்கும்போது பிள்ளைகள் எப்படி இல்லத்துக்குப் போனார்கள்? பெரியண்ணா தன் பேச்சில் 'அநாதைகள்' என்றே சொல்கிறார். 30 கட்டில் வாங்குவதற்கு முன் அதில் படுக்கப்போகிறவர்கள் யார் என்று எனக்குத் தெரிய வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

கோண்டாவிலான் | ஞாயிறு இரவு 10.05

இதில் ஆராய என்ன இருக்கிறது? குடி, ஐஸ், கைத்தொலைபேசி. எங்கள் காலத்தில் ஒரு வீட்டில் ஏழு பிள்ளைகள் இருந்தார்கள், ஒருவரையும் இல்லத்தில் விடவில்லை. இப்போது இரண்டைப் பெற்று இரண்டையும் வளர்க்கத் தெரியவில்லை. கட்டுங்கள் தங்கச்சி, புண்ணியம். கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால் கல்லரிந்து முடியாது.

மட்டுறுத்துநர் | ஞாயிறு இரவு 10.20

பிள்ளைகளின் பெயர், பாடசாலை, இல்லத்தின் பெயர் எதையும் எழுத வேண்டாம். ஒரு மறுமொழியில் தகப்பனின் பெயர் இருந்தது, நீக்கியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் நாளை வளர்ந்து இந்த இழையை வாசிக்கலாம்.

பழைய கோப்பு | திங்கள் காலை 6.15

நன்னடத்தை உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவன். விடிகாலையில் தட்டச்சுச் செய்கிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளே, உங்கள் கேள்வியில்தான் முழு விடயமும் இருக்கிறது. போர் உக்கிரமாக இருந்த ஆண்டுகளையும் 2004 மார்கழி ஆழிப்பேரலையையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், தாயும் இல்லை தகப்பனும் இல்லை என்று என் மேசைக்கு வந்த பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடுவேன். மற்ற எல்லோருக்கும் யாரோ ஒருவர் இருந்தார். பலருக்கு இருவருமே இருந்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம்தான் இன்றும் அடித்தளம். வெள்ளைக்காரன் காலத்து உடுப்பு, அங்கங்கே ஒட்டுப்போட்டு உடுத்துகிறோம். பாதுகாப்பு வேண்டிய பிள்ளை யார் என்று அது வரையறுக்கிறது: பெற்றோரோ பாதுகாவலரோ இல்லாதவர், இருந்தும் அவர்கள் உரிய கவனிப்புச் செய்யாதவர் அல்லது செய்யத் தகுதியற்றவர், கூடாத சேர்க்கையில் விழுகிறவர், ஒழுக்க ஆபத்தில் இருப்பவர், கட்டுக்கு அடங்காதவர். இப்படி ஒரு பிள்ளையை நீதவான் முன் கொண்டுபோனால், அவர் அந்தப் பிள்ளையைத் தகுந்த ஒருவரிடம் ஒப்படைக்கலாம். அந்த 'தகுந்த ஆள்' உறவினராகவும் இருக்கலாம் என்று அதே கட்டளைச் சட்டம் சொல்கிறது. இந்த வரியை மறந்துவிட வேண்டாம், பிறகு தேவைப்படும்.

இது நீதிமன்ற வாசல். அடி, பாலியல் துன்புறுத்தல், பட்டினி போடுதல் என்று 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு யாரோ அழைத்துச் சொன்னதோ, வைத்தியசாலையில் தாதி ஒருவர் கவனித்ததோ இந்த வாசலால் வரும். இதில் விவாதம் இல்லை, அந்தப் பிள்ளை அன்றிரவே வீட்டைவிட்டு வர வேண்டும். என்னை இன்றும் உறுத்துவது, பல தடவை கெடுதல் செய்தவன் வீட்டில் இருந்தான், பிள்ளைதான் புத்தகப்பையோடு வெளியே வந்தது என்பது.

இன்னொரு வாசல் உண்டு. தாயோ தகப்பனோ தானே கையைப் பிடித்துக் கூட்டிவந்து 'ஐயா, இவளை எங்காவது சேர்த்துவிடுங்கள்' என்று கேட்பது. அப்படி வந்த பிள்ளைகளின் கோப்பில் காரணம் என்ற இடத்தில் நாங்கள் பெரும்பாலும் ஒரே சொல்லை எழுதினோம்: வறுமை. எழுதி எழுதிக் கை பழகிவிட்டது.

வடமராட்சி கிழக்கில் ஒரு தாய். கணவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அந்தத் தாய் கருவாட்டு வாடியில் வேலை செய்தார், கையில் கொஞ்சம் காசு இருந்தது, பிள்ளை பட்டினி கிடக்கவில்லை. பின்னேரம் 2 மணியிலிருந்து 6 மணிவரை வீட்டில் ஆள் இல்லை. வேலிக்கு அந்தப்பக்கம் இருந்த ஒருவனைப் பற்றி அவருக்குப் பயம். மகளுக்கு 12 வயது. அந்த 4 மணித்தியாலத்துக்காகப் பிள்ளை 6 வருடம் இல்லத்தில் இருந்தாள். கோப்பில் வறுமை என்று எழுதியது நான்தான்.

வெண்கட்டி | திங்கள் மாலை 4.50

ஐயா எழுதியதை வாசித்துவிட்டு வகுப்பில் இடாப்பு எடுக்கும்போது கை நின்றுவிட்டது. நான் ஆசிரியை, வலிகாமம் பக்கம்.

ஒரு பிள்ளை இல்லத்துக்குப் போகிறதென்றால் அந்தச் செய்தி எங்களுக்கு ஓராண்டுக்கு முன்பே வந்துவிடுகிறது. யாரும் கடிதம் போடுவதில்லை. இடாப்பில் திங்கட்கிழமைகளில் வரவில்லை என்று விழத் தொடங்கும். பிறகு செவ்வாயும் சேரும். பிள்ளை மூன்றாம் பாடத்தில் மேசையில் தலை வைத்துத் தூங்கும். பத்து வயதுப் பெண்பிள்ளை தம்பியின் சட்டைப் பொத்தானை மைதானத்தில் நின்று தைத்துக்கொண்டிருப்பாள். இதை நான் கண்ணால் பார்த்தேன். 'ஏன் நேற்று வரவில்லை' என்றால் 'காய்ச்சல் மிஸ்' என்று வரும். எத்தனை காய்ச்சல்!

அந்த ஓராண்டில் என்ன செய்யலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், சொல்லலாம். சொன்னால் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று பயந்து நானே இருமுறை பேசாமல் இருந்திருக்கிறேன். சொல்லாமல் விட்டதால் நிலைமை முற்றி, கடைசியில் இல்லத்தைத் தவிர வழியில்லாத கட்டத்துக்கு வந்ததும் உண்டு. முதலே சொல்லியிருந்தால் ஒரு சைக்கிளும் பின்னேரச் சாப்பாடும் போதுமாக இருந்திருக்கும்.

கோண்டாவிலான் அண்ணா, கைத்தொலைபேசி ஒரு பிள்ளையையும் இல்லத்துக்கு அனுப்பியதை நான் பார்த்ததில்லை.

கோண்டாவிலான் | திங்கள் மாலை 5.30

ரீச்சர், கைத்தொலைபேசியை விடுங்கள். ஐஸ் இல்லை என்பீர்களா? எங்கள் சந்தியில் வந்து நின்று பாருங்கள். அந்த மேசன் உழைத்த காசு எங்கே போகிறது? தாய் ஏன் குவைத்துக்குப் போனார்? பிள்ளையை விட்டுவிட்டுப் போகிற தாயை என்னவென்று சொல்வது?

வேப்பமரத்தடி | திங்கள் மாலை 6.10

அண்ணா, அவர் போன கதை எனக்குத் தெரியும். தகப்பன் ஐஸ் எடுக்கத் தொடங்கியது தாய் போன பிறகு. தாய் போனது நுண்கடனால். கிழமைக்குக் கிழமை மரத்தடியில் பெண்களைக் கூட்டிவைத்து வசூலிப்பார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் மற்றவர்கள் கட்ட வேண்டும். ஒன்றை அடைக்க இன்னொன்று எடுத்தார், மூன்றாவதை அடைக்க விமானம் ஏறினார். அவர் ஓடிப்போகவில்லை.

பழைய கோப்பு | திங்கள் இரவு 8.00

இதில் ஒரு சிறு திருகல் இருக்கிறது. 2013இல் வெளிநாட்டு வீட்டுவேலைக்குப் போகும் பெண்களுக்குக் குடும்பப் பின்னணி அறிக்கை கட்டாயமாக்கப்பட்டது. 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போக முடியாது என்று இருந்தது. அதற்கு மேற்பட்ட பிள்ளை இருந்தால் யார் பார்த்துக்கொள்வார் என்று காட்ட வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடியில் டொலர் வேண்டியிருந்தது, அந்த வயதெல்லை 2க்கு இறங்கியது. அறிக்கையில் பார்த்துக்கொள்பவர் என்று அம்மம்மாவின் பெயர் போடப்படும், அவர் கையொப்பமோ பெருவிரலோ வைப்பார். அதன் பிறகு அந்த அம்மம்மாவால் முடிகிறதா என்று படலையைத் திறந்து கேட்பவர் யார்? ஒரு பெயரைப் படிவத்தில் நிரப்பியதோடு கடமை முடிந்தது.

ஈஸ்ட்ஹாம் மாமி | திங்கள் இரவு 11.45

லண்டனில் இருந்து எழுதுகிறேன். பூர்வீகம் கரவெட்டி. ஒன்பது வருடமாக என் வீட்டில் வளர்ப்புப் பிள்ளைகளை வைத்துப் பார்க்கிறேன். தத்து எடுப்பது வேறு. இதில் உள்ளூராட்சி சபை பிள்ளையை என்னிடம் ஒப்படைத்து, செலவுக்குப் பணமும் தந்து, சமூகசேவையாளர் ஒருவரையும் பின்னாலேயே அனுப்பும். சில பிள்ளை மூன்று நாள் இருக்கும், ஒன்று நாலு வருடம் இருந்தது.

நீங்கள் கேட்ட 'ஏன்' என்பதற்கு இங்கே ஒரு பட்டியலே உண்டு. துன்புறுத்தல் அல்லது கவனிப்பின்மை, பிள்ளையின் மாற்றுத்திறன், பெற்றோரின் நோய், குடும்பம் கடும் நெருக்கடியில் இருத்தல், குடும்பமே குலைந்திருத்தல், சமூகம் ஏற்காத நடத்தை, குறைந்த வருமானம், பெற்றோர் இல்லாமை. கடைசியில் சொன்னதற்குள்தான் தனியாகப் புகலிடம் தேடிவரும் பையன்கள் பலர் வருவார்கள். 2023 பங்குனியில் இங்கிலாந்தில் அரசின் பராமரிப்பில் ஏறத்தாழ 84 ஆயிரம் பிள்ளைகள் இருந்தார்கள், அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் என்னைப் போன்றவர்களின் வீடுகளில். காரணமாகத் துன்புறுத்தல், கவனிப்பின்மை என்று பதிவானது சுமார் மூன்றில் இரண்டு பங்கு. குறைந்த வருமானம் என்ற கட்டத்தில் விழுகிறவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட வரமாட்டார்கள்.

பழைய கோப்பு ஐயா, இதை வாசித்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். நீங்கள் எதற்கும் வறுமை என்று எழுதினீர்கள், இவர்கள் எதற்கும் வறுமை என்று எழுதுவதில்லை. என்னிடம் வந்த பிள்ளைகளில் வாடகை கட்டி, மீட்டரில் காசு போட்டு, வயிறு நிறையச் சாப்பிட்ட வீட்டிலிருந்து வந்தது எத்தனை என்று யோசித்தால் ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது. குளிர்காலத்தில் வெப்பமூட்டி இல்லாத அறையில் பிள்ளை கிடந்தால் அது கவனிப்பின்மை என்று பதிவாகும். தாய்க்கு மின்கட்டணம் கட்ட வழியில்லை என்பது உள்ளே எங்கோ எட்டாம் பக்கத்தில் இருக்கும்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பயிற்சியின்போது ருமேனியாவைப் பற்றிச் சொல்லித் தந்தார்கள். புக்காரெஸ்டில் 2000இல் தொடங்கிய ஆய்வு, நிலையங்களில் இருந்த 136 குழந்தைகள். பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டார்கள். வீட்டுக்குப் போன குழந்தைகள் பேச்சிலும் பற்றிலும் அறிவிலும் தேறினார்கள், அதிலும் இரண்டு வயதுக்கு முன் போனவர்கள் அதிகம் தேறினார்கள். நிலையத்தில் உணவு இருந்தது, கட்டில் இருந்தது. ஒரே முகம் தினமும் வந்து தூக்கவில்லை.

பனிமலை (நோர்வே) | செவ்வாய் காலை 5.20

மாமி சொல்வது நல்லாக இருக்கிறது. இங்கே எங்கள் சனம் சிறுவர் நலச் சேவை என்ற பெயரைக் கேட்டாலே கதவைப் பூட்டுகிறது. நோர்வேயில் 1987இலிருந்து பிள்ளைக்கு ஓர் அடி போடுவதும் சட்டவிரோதம். நாங்கள் வளர்ந்த விதம் உங்களுக்குத் தெரியும், பூவரசம் தடி. வளர்ப்புப் பெற்றோரிடமே பிள்ளையைத் தத்துக் கொடுத்த ஒரு வழக்கில், தாய்க்கும் பிள்ளைக்கும் இருந்த குடும்ப உரிமையை நோர்வே மீறியது என்று 2019 புரட்டாசியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அரசு எல்லாம் அறியும் என்று நினைக்காதீர்கள். அதே நேரம் உண்மையையும் சொல்ல வேண்டும்: இந்தச் சேவை தலையிடும் குடும்பங்களில் பெரும்பாலானவற்றில் பிள்ளை வீட்டிலேயே இருக்கிறது, உதவிதான் வீட்டுக்கு வருகிறது. எங்கள் சனம் அந்தப் பகுதியைக் கதைப்பதில்லை.

நாவற்பழம் | செவ்வாய் இரவு 9.15

மூன்று நாளாக வாசித்துக்கொண்டிருந்தேன். எழுதுவதா விடுவதா என்று தெரியவில்லை. நான் இல்லத்தில் வளர்ந்தவள்.

2009 வைகாசியில் எனக்கு 8 வயது. அப்பா இறுதிப் போரில் மாத்தளனில் இறந்துபோனார். அம்மாவுக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து வெளியே வந்தபோது எங்கள் காணியில் வீடும் இல்லை, கிணற்றில் தண்ணீரும் இல்லை. யாழ்ப்பாணத்தில் நல்ல பள்ளிக்கூடம், மூன்று வேளை சாப்பாடு என்று யாரோ சொன்னார்கள். என்னை ஓர் இல்லத்திலும் அண்ணாவை ஆண்பிள்ளைகள் இல்லத்திலும் விட்டார்கள். அவன் வலிகாமத்தில், நான் தென்மராட்சியில். வருடத்தில் மூன்று முறை பார்த்தோம். அவன் குரல் உடைந்தது எனக்குத் தெரியாது. ஒரு சித்திரைக்கு வந்து நின்று வேறு யாரோ மாதிரிக் கதைத்தான்.

அம்மா என்னைக் கைவிட்டுவிட்டார் என்று நாலு வருடம் நினைத்தேன். அம்மாவோ அந்த நாலு வருடமும் தன் பிள்ளையைப் படிப்பிக்கிறேன் என்று ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இருவரில் ஒருவரும் இதை மற்றவரிடம் கேட்கவில்லை.

இல்லம் கெட்ட இடம் என்று சொல்லமாட்டேன். எங்கள் பொறுப்பாளர் அம்மா நல்லவர், எனக்குச் சின்னமுத்து வந்தபோது பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தார். ஆனால் 40 பேருக்கு ஓர் அம்மா.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணாமாருக்கும் அக்காமாருக்கும் ஒன்று சொல்லலாமா? பிறந்தநாளுக்கு எங்களுக்கு மதியச் சாப்பாடு தருவீர்கள். கோழிக்கறி, பாயசம், சில நாள் ஐஸ்கிறீம். நன்றி, உண்மையாகவே சாப்பிட்டோம். ஒரு மாதத்தில் 17 நாள் யாருக்கோ பிறந்தநாள் வந்திருக்கிறது, நான் எண்ணினேன். பதாகையில் உங்கள் பிள்ளையின் படம் இருக்கும், அதற்கு முன்னால் நாங்கள் வரிசையில் நின்று வாழ்த்துப் பாடி, படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் சோற்றில் கை வைப்போம். என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அந்தப் படத்தை முகநூலில் பார்த்துவிட்டாள். அதுவரை நான் விடுதியில் இருக்கிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன்.

18 வயதில் ஒரு இரும்புப் பெட்டியோடு வெளியே வந்தேன். 40 பேருக்குச் சோறு வடிக்கத் தெரியும். ஒரு சுண்டு அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் என்று தெரியாது. முதல் கிழமை கஞ்சியாகவே குடித்தேன்.

வெண்கட்டி | செவ்வாய் இரவு 9.50

தங்கச்சி, எழுதியதற்கு நன்றி. வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை.

எட்டுப்பரப்பு (ரொறன்ரோ) | புதன் காலை 7.30

யாரோ இந்த இழையை எனக்கு அனுப்பினார்கள். முதல் பதிவில் வரும் பெரியண்ணா நான்தான். என் தங்கச்சி என்னிடம் கேட்காமல் ஊரைக் கூட்டியிருக்கிறாள். பரவாயில்லை.

நான் 1990இல் வெளிக்கிட்டவன். இரண்டு வேலை செய்து சேர்த்த காசு. அதைக் கோயில் தேருக்குக் கொடுத்திருந்தால் இங்கே ஒருவரும் கேள்வி கேட்டிருக்கமாட்டீர்கள். பிள்ளைகளுக்குச் செய்கிறேன் என்றதும் இத்தனை பாடம். இல்லங்கள் வேண்டாம் என்றால் அடி வாங்கும் பிள்ளை அன்றிரவு எங்கே படுக்கும்? பழைய கோப்பு ஐயா சொல்லட்டும்.

பழைய கோப்பு | புதன் காலை 9.00

தம்பி, உங்கள் கோபம் நியாயம். அந்தப் பிள்ளை படுக்க ஓர் இடம் வேண்டும். தெல்லிப்பழையில் தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் துர்க்காபுரம் மகளிர் இல்லத்தைத் தொடங்கியிருக்காவிட்டால் எத்தனையோ பெண்பிள்ளைகளுக்குப் போக்கிடம் இருந்திருக்காது. அவர்களை வணங்குகிறேன். இல்லங்களை மூடச் சொல்கிற ஆள் நான் அல்ல.

ஆனால் என் அனுபவம் ஒன்று: கட்டில் போட்டால் கட்டில் நிரம்பும். புதிய இல்லம் திறந்த ஆண்டில் அந்தப் பிரிவில் பிள்ளைகளின் கஷ்டம் திடீரென்று கூடிவிடாது. ஆனாலும் விண்ணப்பம் கூடும். நாங்களும் மனிதர்கள்தான், ஒரு குடும்பத்தோடு ஆறு மாதம் மல்லுக்கட்டுவதைவிட 'இடம் இருக்கிறது, அனுப்புங்கள்' என்ற தொலைபேசி இலகுவானது. 2009இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டலில் தெளிவாக இருக்கிறது, வறுமை ஒன்றையே காரணம் காட்டிப் பிள்ளையைப் பிரிக்கக் கூடாது என்று. நாங்கள் பிரித்தோம்.

பெயர் வைப்பதைப் பற்றி ஒரு பழைய கதை, கோபிக்க வேண்டாம். அமெரிக்க மிஷன் 1816இல் இங்கே வந்து விடுதிப் பாடசாலைகளை நடத்தியபோது, ஒரு பிள்ளையின் செலவை ஏற்ற அமெரிக்கக் கொடையாளி தனக்குப் பிடித்த பெயரை அந்தப் பிள்ளைக்கே வைக்கும் வழக்கம் இருந்தது. எங்கள் ஊரில் ஆர்னோல்ட் என்ற பெயரோடு தமிழ்ப் புலவர் திரிந்தது அப்படியான ஒரு காலம். அதற்கு உங்கள் வளைவு எவ்வளவோ மேல்.

இனி நான் சொல்ல வந்தது. முன்பெல்லாம் ஒரு வீடு சரிந்தால் பிள்ளை எங்கே போனது? சித்தி வீட்டுக்கு. மாமி வீட்டுக்கு. குஞ்சியப்பு தோளில் தூக்கிப் போனார். கோப்பும் இல்லை, நீதவானும் இல்லை. 2004க்குப் பிறகு அடுத்த ஆண்டே 16ஆம் இலக்கச் சட்டம் வந்து, ஆழிப்பேரலையில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் வளர்ப்புப் பராமரிப்பை ஒழுங்குபடுத்தியது. அப்போதும் பல பிள்ளைகளை எடுத்தது இரத்த உறவுதான். கோண்டாவிலான் தம்பி சொன்ன அந்த ஏழு பிள்ளை வீட்டில் ஒன்றிரண்டு பெற்ற பிள்ளை இல்லை, விசாரித்துப் பாருங்கள்.

கடைசி ஆண்டுகளில் நான் ஒரு கேள்வியை வழக்கமாகக் கேட்பேன்: 'அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் எங்கே?' பதிலை எழுதி எழுதிப் பார்த்தேன். பாரிஸ். சுவிஸ். ஸ்காபரோ. முள்ளிவாய்க்கால். இவ்வளவுதான். அம்மாவுக்கும் அம்மம்மாவுக்கும் நடுவே இருந்த ஒரு வளையம் முழுதாகக் கழன்றுவிட்டது. பாதி மண்ணுக்குள், பாதி விமானத்தில். அந்த வளையம்தான் இன்று இல்லம் கட்டக் காசு அனுப்புகிறது.

கோண்டாவிலான் | புதன் காலை 9.40

வீட்டில் கேட்டேன். எங்கள் மூத்தக்கா அப்பாவின் தமையனின் மகள். எனக்கு இன்றுதான் தெரியும், வயது 57.

எட்டுப்பரப்பு | புதன் காலை 10.15

என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியாகிவிட்டது. 1990இல் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்கிறீர்கள்?

பழைய கோப்பு | புதன் காலை 10.30

போயிருக்கத்தான் வேண்டும் தம்பி. என் இரண்டு மகன்மாரையும் நான்தான் அனுப்பினேன்.

வேப்பமரத்தடி | புதன் மதியம் 1.00

பெரியண்ணா, கேட்காமல் எழுதியது பிழைதான். இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், திட்டுவதென்றால் சேர்த்துத் திட்டுங்கள்.

பெரியம்மா என் அம்மாவோடு கூடப்பிறந்தவர் இல்லை. எங்கள் அம்மம்மாவின் தங்கை பிள்ளை. பிரசவத்தில் தாய் இறக்க, 4 வயதுப் பிள்ளையை அம்மம்மா பருத்தித்துறையிலிருந்து பஸ்ஸில் கூட்டிவந்தார். என் அம்மாவுக்கும் அவருக்கும் ஒரே சேலைத் துணியில் பாவாடை. கலியாணத்தின்போது அந்த 8 பரப்பைச் சீதனமாக எழுதிக் கொடுத்தது அம்மம்மா. பெற்ற மகளுக்குக் கொடுத்தது 6 பரப்பு. அதை அம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

எட்டுப்பரப்பு | புதன் மதியம் 1.25

இது எனக்குத் தெரியும். அம்மா சொல்லியிருக்கிறார். வளர்ப்பு என்ற சொல்லோடு அதைச் சேர்த்து நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

நாவற்பழம் தங்கச்சி, ஒரு கேள்வி. உங்கள் அம்மாவுக்கு அன்று என்ன கிடைத்திருந்தால் உங்களை அனுப்பியிருக்கமாட்டார்?

நாவற்பழம் | புதன் இரவு 8.40

யோசித்துப் பார்த்தேன் அண்ணா. இதை அம்மாவிடமே கேட்டேன், இப்போது என்னோடுதான் இருக்கிறார். உடனே சொன்னார்: 'கிணற்றுக்கு ஒரு மோட்டார். எனக்கு ஒழுங்கான ஒரு கால். பள்ளிக்கூடத்துக்கு உன்னைக் கொண்டுபோய்விட ஓர் ஆள்.' மூன்றே மூன்று. பிறகு கொஞ்ச நேரம் கழித்து, 'யாராவது வந்து இரு என்று சொல்லியிருந்தாலும் இருந்திருப்பேன்' என்றார்.

பழைய கோப்பு | வியாழன் காலை 6.40

எட்டுப்பரப்புத் தம்பிக்கு: நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் 'செவன சரண' என்று ஒரு திட்டம் உண்டு. வளர்ப்புப் பெற்றோர் திட்டம் என்று பெயர், பிள்ளை மட்டும் தன் வீட்டிலேயே இருக்கும். கொடையாளி மாதாமாதம் உதவுவார். வளைவு வைக்க இடம் இல்லை, அது ஒன்றுதான் குறை.

வேப்பமரத்தடி மகளுக்கு: முதல் நாள் நான் சொன்ன வரி நினைவிருக்கிறதா? 'தகுந்த ஆள்.' அந்த அம்மம்மா பிள்ளைகளைத் தன்னிடம் ஒப்படைக்கும்படி கேட்கலாம். நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டைப் பார்த்து அறிக்கை எழுதுவார். நான் எழுதுவதாக இருந்தால் மூன்று விடயம் பார்ப்பேன்: பிள்ளைகள் படுக்கும் அறைக் கதவு பூட்டுமா, தகப்பன் வந்து நின்றால் அம்மம்மா யாரைக் கூப்பிடுவார், அவருக்கு நோய் வந்தால் அடுத்த ஆள் யார். உறுதி எதுவும் தரமாட்டேன், நீதவான் மறுக்கவும் கூடும். முதலில் அம்மம்மாவுக்கு விருப்பமா என்று கேளுங்கள். வாகனம் வந்த அன்று அவர் 'என்னால் முடியாது' என்று சொல்லியிருந்தால் அதற்கும் ஒரு காரணம் இருக்கும்.

வேப்பமரத்தடி | இரண்டு கிழமைக்குப் பிறகு, ஞாயிறு இரவு 9.00

நிலவரம் எழுதுகிறேன். அம்மம்மாவிடம் கேட்டேன். அன்று முடியாது என்று சொன்னாராம். முந்தின நாள்தான் கண்ணில் சத்திரசிகிச்சை முடிந்து ஒரு கண்ணைக் கட்டியிருந்தது, அடுப்பு மூட்டவே முடியவில்லை. 'இரண்டு கிழமைக்குப் பார்க்கச் சொன்னேன் பிள்ளை, அவர்கள் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்' என்றார்.

விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டது. உத்தியோகத்தர் வந்து பார்த்தார். அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டோம். அடுத்த ஆள் யார் என்ற இடத்தில் என் பெயரை எழுதச் சொன்னேன். எழுதும்போது கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. தாய் குவைத்திலிருந்து குரல்பதிவு அனுப்பினார், அதில் பாதி அழுகை. தகப்பன் ஒருநாள் வந்து படலையில் நின்றான், உள்ளே வரவில்லை.

பெரியண்ணா வரைபடத்தைத் திரும்ப வாங்கவில்லை. வளைவு வேண்டும் என்றுதான் இன்னும் நிற்கிறார். ஆனால் நேற்று அழைத்து, அந்த 8 பரப்பில் பின்னேரம் 2 மணியிலிருந்து 6 மணிவரை பிள்ளைகள் இருந்து படிக்க, சாப்பிட ஒரு கொட்டகை போட என்ன செலவாகும் என்று கேட்டார். வெண்கட்டி ரீச்சர், உங்களிடம் கதைக்க வேண்டும்.

வியாழக்கிழமை மல்லாகம் நீதிமன்றத்தில் தவணை. அம்மம்மாவால் பஸ்ஸில் ஏறி இறங்க முடியாது. காலையில் ஏழாலைப் பக்கம் ஓட்டோவோ காரோ உள்ளவர்கள் யாராவது?

கோண்டாவிலான் | ஞாயிறு இரவு 9.12

நான் வருகிறேன். 7.30க்குப் படலையில் நிற்கச் சொல்லுங்கள்.